புள்ள யாருக்கு, சோறு யாரு பொறுப்பு?

(போளூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறேன்.)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டாங்க. நாலு கவிதை வாசிச்சு, நீங்க கை தட்டி, டீ குடிச்சுட்டு நான் கடைசி பஸ்ஸைப் பிடிச்சிருக்கலாம். ஆனா போன மாசம் இயக்கத்துல இருக்கற ஒரு தம்பி வந்து, 'அண்ணே, எம் பொண்டாட்டி கோர்ட்டுல ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டுட்டா, இதுலர்ந்து எப்படித் தப்பிக்கிறது'ன்னு கேட்டான். தோள்ல நீலத் துண்டு. பறை நல்லா அடிப்பான். ரெண்டு புள்ளைங்க இருக்கு. அன்னிக்கு அவனுக்கு நான் சரியா பதில் சொல்லலை. இன்னிக்குச் சொல்றேன். அவனும் இங்கதான் எங்கியோ உட்கார்ந்திருக்கணும்.

முதல்ல என் கதை. 1997ல் எங்க அம்மாவும் நைனாவும் பிரிஞ்சாங்க. எனக்கு எட்டு வயசு, தங்கச்சிக்கு ஆறு. கோர்ட்டுக்கெல்லாம் போகலை. சேரியில வேப்ப மரத்தடியில பாய் விரிச்சு, நாட்டாண்மையும் பெரியதனமும் உட்கார்ந்து, வெத்திலையில காசு வச்சு, அத்து விட்டாங்க. பரிசப் பணம் எவ்வளவுன்னு பேசினாங்க. பாத்திரம் எண்ணினாங்க. பித்தளைக் குடம் ரெண்டு, அண்டா ஒண்ணு, தாம்பாளம் ஒண்ணு. எல்லாம் எண்ணி முடிச்சுக் கடைசியா எங்களை எண்ணினாங்க. 'ஆம்பளப் புள்ள அப்பங்கிட்ட, பொட்டப் புள்ள ஆத்தாகிட்ட.' அவ்வளவுதான் தீர்ப்பு. ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட ஆகலை. ரெண்டு புள்ளைக்கும் யாரு சோறு போடறது என்ற பேச்சே எழவில்லை. தங்கச்சி என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. யாரோ ஒரு கிழவி வந்து அவ விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுத்தாங்க.

நைனா அடுத்த வருசமே வேற கல்யாணம் கட்டிக்கினு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிட்டாரு. என்னை வளர்த்தது ஆயா. பிறகு ஆதிதிராவிடர் நல விடுதி, காலேஜ், வங்கித் தேர்வு. தங்கச்சி அம்மாவோட ஆரணிப் பக்கம் போனா. அம்மாவுக்குக் கூலி வேலை. ஒன்பது வயசுல தங்கச்சியைப் பட்டுத் தறிக்கு அனுப்பிட்டாங்க. தறி முதலாளி ரெண்டாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்தாரு. தறிமேடையில இந்தப் பக்கம் பெரியவங்க உட்கார்ந்து நெய்ய, அந்தப் பக்கம் புள்ளைங்க உட்கார்ந்து கரைக்கு நாடா வீசணும். அந்த ரெண்டாயிரத்தைக் கழிக்க அவளுக்கு எத்தனை வருசம் ஆச்சுன்னு அவளுக்கே தெரியாது. ஏன்னா நடுநடுவுல காய்ச்சலுக்கு வாங்கினது, பொங்கலுக்கு வாங்கினது எல்லாம் அதுல ஏறிக்கினே இருந்தது. புள்ளையோட உழைப்பை அடகு வைக்கிற ஒப்பந்தம் செல்லாதுன்னு 1933லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். 1976ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்துவிட்டது. ரெண்டும் தறிமேடை வரைக்கும் வந்து சேரலை.

இப்ப என்னைப் பாருங்க. பேங்க்ல கிளார்க், கவிஞன், மைக் முன்னாடி நிக்கறேன். அதே வயித்துல பொறந்தவ தறியில. வேப்ப மரத்தடியில ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா மாறிப் போயிருக்கும். ஆகவே குழந்தை யார் பொறுப்பு என்பது ஏதோ பணக்காரங்க விவாகரத்து சமாச்சாரம், நமக்கு அதைவிடப் பெரிய போராட்டங்கள் இருக்கு என்று சொல்லுகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மனு ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு விவகாரம் வருகிறது. குழந்தை யாருக்குச் சொந்தம், விதைக்கா நிலத்துக்கா? பெண் நிலமாம், ஆண் விதையாம். பக்கம் பக்கமா வாதம் போகுது. விதைதான் உசத்திங்கறான். அப்புறம் நிலத்துக்குச் சொந்தக்காரன் எவனோ அவனுக்கே விளைச்சல்ங்கறான். பசு ஈன்ற கன்று பசுவின் உடைமைக்காரனுக்குப் போவது மாதிரியாம். எப்படிச் சுத்தினாலும் கடைசியில ஒரு ஆம்பளகிட்டதான் வந்து நிக்குது. நிலத்துக்கு அங்க வாயே கிடையாது. சேரியில பொறந்த நமக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனா வீட்டுக்குள்ள மட்டும் நாமளும் நிலவுடைமைக்காரன் ஆயிடறோம்.

இந்து மதத்தின் இந்த வேரைச் சட்டத்தால் வெட்டத்தான் அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தார். அதை நிறைவேற்ற விடாமல் இழுத்தடித்ததால் 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தார். பிற்பாடு அதைத் துண்டு துண்டாக நிறைவேற்றினார்கள். அதில் ஒரு துண்டு 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம். ஆறாவது பிரிவு என்ன சொல்லுது? மைனர் பிள்ளையின் இயற்கைக் காப்பாளர் தகப்பன். 'அவனுக்குப் பின்' தாய். ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று ஒரு வால். பால் குடிக்கிற வரைக்கும் ஆத்தா, பேர் போடறதுக்கு அப்பன்!

இங்க என் தொழில் குறுக்க வருது. இந்த 'அவனுக்குப் பின்' என்ற வார்த்தைமேல ஒரு பேங்க் பாரம்தான் சண்டையைக் கிளப்பிச்சு. கீதா ஹரிஹரன் என்ற எழுத்தாளர் 1984ல் தன் மகன் பேரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். காப்பாளராகத் தாய் கையெழுத்துப் போட்டால் செல்லாது, தகப்பன் கையெழுத்து வேணும்னு ரிசர்வ் வங்கி திருப்பி அனுப்பியது. புருசன் கூடவேதான் இருக்காரு, சம்மதமும் கொடுத்திருக்காரு, அப்படியும். உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. அதே சமயத்தில் வந்தனா சிவாவும் தன் விவாகரத்து வழக்கையொட்டி இதே பிரிவை எதிர்த்துப் போயிருந்தார். 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 'பின்' என்றால் தகப்பன் செத்த பிறகு என்று அர்த்தமில்லை. அவன் கவனிக்காமல் கிடந்தாலும், தொலைவில் இருந்தாலும், ரெண்டு பேரும் பேசி முடிவு செய்திருந்தாலும், அவன் உயிரோடு இருக்கும்போதே தாய் காப்பாளர்தான் என்றது நீதிமன்றம். நல்ல தீர்ப்பு. ஆனால் சட்டத்தில் இருக்கிற அந்த வரியை யாரும் இன்னும் அழிக்கவில்லை. எடுத்துப் படிச்சா இன்னிக்கும் 'தகப்பன், அவனுக்குப் பின் தாய்'தான்.

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் வேலையில சேர்ந்த புதுசு. ஒரு அம்மா, கையில மஞ்சக் கறை, புள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வருது, கணக்கு திறக்கணும்னு வந்தாங்க. 'அப்பா ஆதார் எங்கம்மா, அப்பாவை இட்டுக்கினு வாங்க'ன்னு சொல்லி அனுப்பிட்டேன். 'அவன் எங்க இருக்கான்னு தெரிஞ்சா நான் ஏன் இங்க வரேன்'னாங்க. பின்னால வரிசை நீளமா இருந்தது. திருப்பி அனுப்பிட்டேன். அந்தத் தீர்ப்பு வந்து பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆகியிருந்தது. நானும் சேரிப் புள்ளதான், ஆயா வளர்த்த புள்ளதான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்ததும் எனக்குள்ளயும் மனு வந்து உட்கார்ந்துக்கினான். அந்த அம்மா மறுபடி வரவே இல்லை.

சரி, பிரியும்போது பிள்ளை யாருகிட்ட இருக்கணும்னு கோர்ட்டு எப்படித்தான் முடிவு பண்ணுது? 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் எல்லா மதத்துக்கும் பொது. 1956 சட்டத்தின் பதிமூன்றாவது பிரிவும் அதையேதான் சொல்லுது. குழந்தையின் நலன்தான் முதல். அப்பன் உரிமை, ஆத்தா உரிமை எல்லாம் அதுக்கு அப்புறம். பிள்ளைகள் வெறும் உடைமைகள் அல்ல என்று ரோஸி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1973ல். அது நம்ம சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு. புத்தி தெரிஞ்ச வயசுன்னா பிள்ளையோட விருப்பத்தையும் கேட்கலாம்னு 1890 சட்டத்திலேயே இருக்கு. அதுக்கப்புறமும் 1912ல் ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பியையும் திருப்பித் தரணும்னு அவங்க அப்பா நாராயணய்யா அன்னி பெசன்ட் மேல வழக்குப் போட்டபோது, சென்னை உயர் நீதிமன்றம் 1913ல் அப்பனுக்குத்தான் தீர்ப்புச் சொன்னது. 1914ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளுபடி செய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, அந்தப் பையன்களை வழக்கில் சேர்க்கவே இல்லை என்பது. அடையாற்றில் நடந்தாலும் சரி, எங்க சேரி வேப்ப மரத்தடியில நடந்தாலும் சரி, 'நீ யாருகூட இருக்கற கண்ணு'ன்னு கேட்க ஒருத்தனுக்கும் தோணலை. என்னைக் கேட்டிருந்தா தங்கச்சி எங்க இருக்காளோ அங்கன்னு சொல்லியிருப்பேன்.

'நலன்' என்கிற இந்தச் சொல்லை நாம கண்ணை மூடிக்கிட்டு நம்பக்கூடாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு பெண், நம்ம ஜாதி. கல்யாணம் கட்டினது ஆதிக்க சாதிப் பையனை. பிரிஞ்சாங்க. அவன் தரப்பு எதிர்மனுவை என்கிட்ட காட்டினா. மனுதாரர் வசிக்கும் சூழல் குழந்தையின் வளர்ச்சிக்கு ஏற்றதல்ல என்று எழுதியிருந்தது. ஜாதி பேர் இல்லை, சேரிங்கற வார்த்தை இல்லை, கக்கூஸ் இல்லைங்கறதுகூட இல்லை. 'சூழல்'! கல்யாணத்தப்போ தெரியாத சூழல். பண வசதியை மட்டும் வச்சு நலனை அளக்கக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2008ல் கௌரவ் நாக்பால் வழக்கில் சொல்லியிருக்கு. இந்த மாதிரி எதிர்மனு வந்தா வக்கீல்கிட்ட அதைச் சொல்லணும். சேரியில வளர்ந்த புள்ளைங்க என்னாவா இருக்காங்கன்னும் சொல்லணும்.

அந்தப் பெண்ணோட குழந்தைக்கு ஜாதிச் சான்று எது? மாணவர்கள் இதைக் கவனிக்கணும். கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளையைத் தாய் அல்லது தகப்பன், யாராவது ஒருவர் சாதியில் சேர்க்கலாம் என்று தமிழ்நாடு அரசு 1975லேயே ஆணை போட்டது. அப்பன் உசந்த சாதி என்பதாலேயே பிள்ளையும் அந்தச் சாதிதான் என்று கண்ணை மூடி முடிவு செய்ய முடியாது, தாயோட சமூகத்தில் அந்தப் பிள்ளை வளர்ந்து அதே இழிவையும் இல்லாமையையும் அனுபவிச்சிருந்தா அதை நிரூபிக்க வழி உண்டு என்று 2012ல் ரமேஷ்பாய் தபாய் நாய்க்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது குஜராத்துப் பழங்குடித் தாய் ஒருத்தியின் மகன் நடத்தின வழக்கு. யார் வளர்த்தாங்க என்பதுக்கு இவ்வளவு தூரம் அர்த்தம் இருக்கு.

இனி காசு. ஜீவனாம்சம். நான் கிளார்க், காசுதான் எனக்குத் தெரியும்.

பழைய குற்றவியல் சட்டத்தில் 488, அப்புறம் 125, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 144. நம்பர்தான் மாறுது. தன் மனைவி, தன் பிள்ளை, தன்னைக் காப்பாத்திக்க முடியாம இருந்தா, வசதி இருக்கிற ஆள் மாதாமாதம் பணம் கட்டணும். எந்த மதமா இருந்தாலும், நம்ம கிறிஸ்தவத் தோழர்களுக்கும் இதே சட்டம்தான். முறையாத் தாலி கட்டிப் பிறந்த புள்ளையா இல்லையா என்ற கேள்வியே கிடையாது; ரெண்டுக்கும் உண்டு. நீங்க குடியிருக்கிற ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம், அவன் இருக்கிற பெங்களூருக்கு ஓட வேண்டியதில்லை.

1955ல் இதுக்கு மாசம் 500 ரூபாய்னு உச்சவரம்பு வச்சாங்க. 1973ல் புதுச் சட்டம் எழுதினப்பவும் அதே 500. 2001ல்தான் அந்த வரம்பை எடுத்தாங்க. நாற்பத்தாறு வருசம்! அரிசி விலை ஏறிச்சு, பட்டு விலை ஏறிச்சு, பார்லிமென்ட் உறுப்பினர் சம்பளம் ஏறிச்சு, கைவிடப்பட்டவ சோறு மட்டும் ஏறலை. எங்க அம்மா 1997ல் கோர்ட்டுக்கே போயிருந்தாலும் இந்தச் சட்டத்துல ஆளுக்கு அதிகபட்சம் அந்த 500தான்.

ஊர்ல ஒரு பேச்சு உண்டு. 'அவ நடத்தை சரியில்லை, அதான் காசு கட்டலை.' இந்தச் சட்டத்துல நடத்தைப் பேச்சு மனைவியோட பங்குக்கு மட்டும்தான் வருது. பிள்ளையோட பங்கை அது தொடாது. ஆத்தா எப்படி இருந்தாலும் புள்ளைக்குச் சோறு போட்டே ஆகணும். அதே மாதிரி, பஞ்சாயத்துல 'புள்ளைங்களுக்கு ஒண்ணும் கேக்க மாட்டேன்'னு அம்மா கைநாட்டு வச்சுக் கொடுத்தாலும் அது பிள்ளையைக் கட்டாது. அது பிள்ளையோட உரிமை, அம்மா தாரை வார்க்க முடியாது. நம்ம சேரி வழக்கப்படி அத்து விடறதை 1955 இந்து திருமணச் சட்டமே ஒத்துக்கொள்கிறது, வழக்கத்தை நிரூபிச்சா. நான் அந்த வழக்கத்தைக் கேலி பேசலை. பார்ப்பன வீட்டுப் பொண்ணுக்குப் பிரியவே வழியில்லாத காலத்துல நம்ம ஆயாக்களுக்கு அந்த வழி இருந்தது, அது சின்ன விஷயமில்லை. ஆனா குடத்தை எண்ணின இடத்துல புள்ளையையும் எண்ணினாங்களே, அது நம்ம கேவலம். அதுக்கு மனுவை மட்டும் கை காட்டித் தப்பிக்க முடியாது.

தங்கச்சி கதைக்கு வரேன். அவளுக்கும் கல்யாணமாச்சு, ரெண்டு புள்ளை. 2018ல் அவ புருசன் விட்டுட்டுப் போயிட்டான். அவனும் நெசவுதான். 2019ல் மனு போட்டோம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. 1987 சட்டத்தின் பன்னிரண்டாவது பிரிவு, கோர்ட்டு வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். அதைக்கூட எனக்கு யாரும் சொல்லலை, பலகையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். படிச்சவன் நான்!

அவன் வந்து என்ன சொன்னான்? 'தறிக் கூலிங்கய்யா, வேலை இருந்தா உண்டு, இல்லன்னா இல்லை. வருமானமே கிடையாது.' சம்பள ரசீது இல்லாத ஆளை எதை வச்சுப் பிடிக்கிறது? இதே ஆள் அரசாங்க உத்தியோகத்துல இருந்தா ஜீவனாம்சத் தீர்ப்புக்காகச் சம்பளத்துல மூணுல ஒரு பங்கை மட்டும் விட்டுட்டு மீதியைக்கூட ஜப்தி பண்ண முடியும். கூலிக்காரனுக்குச் சம்பளப் பட்டியல் எங்க இருக்கு? நம்ம பெண்கள் வழக்கு முக்கால்வாசி இந்த இடத்துலதான் சாயுது.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு ஏற்பாடு செய்தது. ரெண்டு பேரும் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமாத் தாக்கல் செய்யணும். பணம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு. அவனும் பத்திரம் தாக்கல் செஞ்சான். வருமானம் கிட்டத்தட்ட ஒண்ணுமில்லை. செலவு மட்டும் நிறைய. தோழர் ஒருத்தர் என்கிட்ட, 'நீதான் பேங்க்ல இருக்கியே, அவன் கணக்கைத் தட்டிப் பாரேன்'னாரு. முடியும். பார்க்கலை. அது வேலை தர்மம்னு சொல்லிக்கிட்டேன். வேலை போயிடுமோங்கற பயமும் இருந்தது, மறைக்கலை.

தங்கச்சிதான் வழி கண்டுபிடிச்சா. 'அண்ணா, அவன் யாருகிட்ட பாவு வாங்கறான்னு எனக்குத் தெரியும். ஒரு பாவு எத்தனை சேலை, ஒரு சேலை எத்தனை நாள், அந்தக் கரைக்கு, அந்த ஜரிகைக்கு இன்னா கூலின்னு எனக்குத் தெரியாதா? நான் ஒன்பது வயசுலர்ந்து அந்தக் குழியில உட்கார்ந்தவ.' பாவு, கோறா, ஜரிகை கொடுத்து, சேலை திருப்பி வாங்கின கணக்குக்குக் கூலி நோட்டு ஒண்ணு இருக்கும். அந்த நோட்டை வரவழைக்கச் சொல்லி மனு போட்டோம். குறுக்கு விசாரணையில அவங்க வக்கீல், 'உனக்கு என்னம்மா தெரியும்'னாரு. அவ நின்ன இடத்திலேயே விரல் விட்டு எண்ணிக் காட்டினா. அந்தக் காலத்துல அவங்ககிட்ட ஒரு கிழவி பிரிச்சு எடுத்த அதே விரல்.

2022ல் உத்தரவு வந்தது. ஒரு புள்ளைக்கு மாசம் 2000, ரெண்டுக்கும் 4000, மனு போட்ட நாளிலிருந்து. பெரிய தொகை இல்லை. நோட்டுப்படி அவனால கட்ட முடிஞ்ச தொகை. அதே வருசம் வேற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், உடம்பு நல்லா இருக்கிறவன் கூலி வேலை செஞ்சாவது மனைவி மக்களுக்குக் கொடுக்கணும்னு சொல்லுச்சு. நல்லா இருந்தது கேட்க. ஆனா அவன் நாலு மாசம் கட்டி நிறுத்திட்டான். கட்டலைன்னா வாரண்ட், ஒரு மாசம் வரை ஜெயில். பாக்கி கேட்கிறதை ஒரு வருசத்துக்குள்ள கேட்டுடணும், அதை மறந்துடாதீங்க, நிறையப் பேர் அங்கதான் ஏமாறாங்க. ஜெயிலுக்குப் போனா கடன் தீர்ந்துச்சுன்னு நினைக்கிறானுங்க. தீராது. உள்ள இருந்துட்டு வந்தாலும் பாக்கி பாக்கிதான்னு 1989லேயே குல்தீப் கௌர் வழக்கில் சொல்லியாச்சு.

அவனை ஜெயில்ல போடணும்னு எனக்கு ஆசை இல்லை. நம்ம ஆளுங்களை ஜெயிலுக்கு அனுப்ப இந்த நாட்டுல ஆளுங்க ஏற்கெனவே நிறைய இருக்காங்க. தங்கச்சியும் அதையேதான் சொன்னா. ஆனா அவ கூடவே ஒண்ணு சொன்னா: 'நான் வாரண்ட் கேக்கலைன்னா எம் பொண்ணு தறிக்குப் போவா.' அந்தப் பொண்ணு அப்ப ஏழாவது படிச்சுக்கினு இருந்தா. வாரண்ட் கேட்டோம். இப்ப ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, இழுத்துக்கினு, பணம் வருது.

நீலத் துண்டுத் தம்பிக்கு இதுதான் பதில். தப்பிக்க வழி கேட்டியே, வழி நிறைய இருக்கு. வாய்தா வாங்கலாம், சம்மனை வாங்காம ஓடலாம், பெங்களூருக்குப் போகலாம், எங்க நைனா மாதிரி. அந்த வழியில போனா உன் வீட்டுல எந்தப் புள்ள தறிக்குப் போகும்னு நீயே கணக்குப் போட்டுக்க. நீ நாளைக்கு மனுவை எரிக்கிற போராட்டத்துக்கு வருவே, நானும் வருவேன். அதுக்கு முன்னால இந்த மாசப் பணத்தைக் கட்டிட்டு வா.

இன்னும் சொல்ல இருந்தது. புள்ளைங்களை ரெண்டு பேரும் சேர்ந்து வளர்க்கிற முறை பற்றிச் சட்ட ஆணையம் 2015ல் ஒரு அறிக்கை கொடுத்திருக்கு, அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். பாவப்பட்ட ஒரு அறையில ஒரே பாயில படுக்கிற குடும்பத்துக்கு அதுல என்ன இருக்குன்னு எனக்கு இன்னும் விளங்கலை.

கோர்ட்டு, மனு, கூலி நோட்டு பற்றிக் கேள்வி இருந்தா என்னைவிடத் தங்கச்சிக்கு நல்லாத் தெரியும். அதோ, கடைசி வரிசையில, கதவுப் பக்கம் உட்கார்ந்திருக்கா. நாலு மணிக்குப் பாவு பிணைக்கப் போகணும்னு சொல்லியிருக்கா. சீக்கிரம் கேட்டுடுங்க.